மூன்றாவது கட்டம்: படைவீரரின் ஊன பென்ஷனும் நீதிமன்றங்களும்

வேலூர் ஜில்லாவில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் சில உண்டு. அத்தகைய ஊர் ஒன்றில், கோயில் தெருக் கோடியிலுள்ள ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதியவர் ஒருவர் தம்முடைய தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் மூடியில் அவருடைய நம்பரும் ராங்கும் பெயரும் வெள்ளை வர்ணத்தில் எழுதப்பட்டிருந்தன. பெயர் மங்கிவிட்டது, நம்பர் மங்கவில்லை. காகிதங்களுக்குள் பழுப்பேறி, மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் ஒட்டுத்தாள் போடப்பட்ட ஒன்றை மட்டும் அவர் தனியே என் கையில் கொடுத்தார். அது அவரைப் 'போர்டு அவுட்' செய்த, அதாவது உடல்நிலையைக் காரணம் காட்டிப் படையிலிருந்து நீக்கிய, மருத்துவக் குழுவின் நடவடிக்கைப் படிவம்.

"மொத ரெண்டு கட்டத்துலயும் 'நோ'ன்னு போட்டிருக்கான் தம்பி. மூணாவதுல மட்டுந்தான் 'எஸ்'. அந்த 'எஸ்'ஸப் பாத்துட்டுத்தான் எனக்குப் பென்ஷன் இல்லைன்னுட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது ஒரு மகத்தான வழக்குத் தொடரின் சாரம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தப் படிவத்தின் முதற் கட்டம், சிப்பாயின் ஊனம் சேவையினால் விளைந்ததா என்று கேட்கிறது. இரண்டாவது, சேவையினால் அதிகப்பட்டதா என்று கேட்கிறது. மூன்றாவது, சேவையோடு சம்பந்தமற்றதா என்று கேட்கிறது. ராணுவத்தின் 1961ஆம் ஆண்டுப் பென்ஷன் விதிகளில் 173ஆம் விதி, ஊனம் சேவையினால் விளைந்ததாகவோ அதிகப்பட்டதாகவோ இருக்கவேண்டும் என்றும், அது நூற்றுக்கு 20க்குக் குறையாததாக மதிக்கப்பட்டிருக்கவேண்டும் என்றும் இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஆகவே மூன்றாவது கட்டத்தில் விழுகிற ஒரே ஒரு சொல், வலிப்பு வந்து விழுந்தவனையோ, காது செவிடானவனையோ, சித்தம் கலங்கியவனையோ, வாழ்நாள் முழுதும் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவதற்குப் போதுமானதாயிற்று. அந்தச் சொல்லை எழுதுகிறவர் அதற்குக் காரணமும் எழுத வேண்டுமா, எழுதாவிட்டால் அதை யார் கேட்பது என்ற கேள்வியைச் சுற்றியே சென்ற முப்பதாண்டுகளாக நம் நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் விசாரணை நடத்தி வந்திருக்கின்றன.

நிரூபிக்கும் பாரம் யார் மேல் என்பதிலிருந்துதான் இதைத் தொடங்கவேண்டும். சாதாரண சிவில் வழக்கில், எனக்கு இது சேரவேண்டும் என்று கேட்கிறவன்தான் அதை நிரூபிக்கக் கடமைப்பட்டவன். யுத்த பென்ஷனில் இந்த நியதி தலைகீழாக்கப்பட்டது இரண்டாம் உலகப் போரின் நடுவில். 1943ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த அரச ஆணை, கேட்கிறவன் மேல் எவ்வித நிரூபணப் பாரமும் இல்லை என்றும், நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவனுக்கே சேரும் என்றும் வகுத்தது. போர் முடிந்ததும் அந்நாட்டுப் பென்ஷன் மேல்முறையீடுகளைக் கேட்க நியமிக்கப்பட்ட நீதிபதி டென்னிங், 1947இல் மில்லர் என்ற வழக்கில், சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் என்பது எந்த அளவினது என்று விளக்கினார். நம்முடைய கிரிமினல் வக்கீல்கள் கொலை வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டுகிற அந்த விளக்கம், உணவுக் குழாயில் புற்று வந்து இறந்த ஒரு படைவீரரின் மனைவி கேட்ட பென்ஷனைப் பற்றிய வழக்கில் பிறந்தது என்பதை அவர்களில் பலர் மறந்தே போயிருப்பார்கள்.

அதே சம்பிரதாயம்தான் இந்திய சர்க்காரின் 1982ஆம் ஆண்டு உரிமை விதிகளிலும் வந்து அமர்ந்திருக்கிறது. அவற்றின் 5ஆம் விதி, சேர்க்கையின்போது குறித்துவைக்கப்பட்ட குறை ஏதும் இல்லாவிட்டால், சிப்பாய் தேகத்திலும் மனத்திலும் ஆரோக்கியமாகவே படையில் புகுந்தான் என்றும், பின்னர் நோயினால் நீக்கப்பட்டால் அந்தச் சீர்கேடு சேவையினால் வந்ததே என்றும் அனுமானிக்கச் சொல்கிறது. 9ஆம் விதி, உரிமைக்கான நிபந்தனைகளை நிரூபிக்கும்படி அவனைக் கேட்கக்கூடாது என்கிறது. 14ஆம் விதி ஒரு விலக்கையும் கூறுகிறது: சேர்க்கையின்போது எவ்வளவு பரிசோதித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாத நோய் இது என்று, காரணங்களைக் குறிப்பிட்டு, மருத்துவர்கள் அபிப்பிராயம் சொன்னால் மேற்படி அனுமானம் செல்லாது. 'காரணங்களைக் குறிப்பிட்டு' என்ற அந்த இடைச்சொற்றொடரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஜீவனம் அதில்தான் தொங்கியது.

விதி இவ்வளவு தாராளமாயிருக்க, நடைமுறை எப்படி இவ்வளவு கஞ்சத்தனமாயிற்று? முற்காலத்தில் கோளாறு மருத்துவர்களிடம் இல்லை, அலகாபாத்தில் இருந்தது. தரைப்படை வீரர்களின் பென்ஷன் கணக்கைப் பார்க்கும் அந்த ஊர் அலுவலகத்தை எந்த சிப்பாயும் அதன் முழுப் பெயரால் சொல்வதில்லை, 'அலகாபாத்' என்றுதான் சொல்வார்கள். மருத்துவக் குழு ஒரு வீரனை நேரில் கண்டு, தொட்டுப் பரிசோதித்து, ஊனம் இவ்வளவு, அது சேவையினால் வந்தது என்று எழுதியனுப்பினால், அவனைக் கண்ணாலும் கண்டிராத கணக்கதிகாரி தம் மேஜையிலிருந்தே அதை அடித்துத் திருத்திவிடுவார். 1993 ஜனவரியில் மொகிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தைக் கண்டித்தது. மேலான மருத்துவக் குழு ஒன்று மறுபடி பரிசோதித்தாலன்றி, முதற் குழுவின் முடிவின் மேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல கணக்கதிகாரிக்கு அதிகாரமில்லை என்றது. இதன்பின் மறுப்பு நின்றதா என்றால், நிற்கவில்லை. கணக்கரின் கையிலிருந்து மருத்துவரின் கைக்கு மாறிற்று, அவ்வளவே. மூன்றாவது கட்டம் நிரம்பத் தொடங்கியது.

மறுக்கப்பட்டவனுக்கு வழிகள் இருந்தன. ரெகார்ட் ஆபீஸ் மூலமாக முதல் அப்பீல், அதுவும் போனால் பாதுகாப்பு அமைச்சகத்து மட்டத்தில் இரண்டாவது அப்பீல், அதற்கும் அப்பால் உயர் நீதிமன்றம். அப்பீல்களில் வருகிற பதில் பெரும்பாலும் முதற் கடிதத்தின் நகலாகவே இருக்கும். உயர் நீதிமன்றத்திலோ ரிட் மனுக்கள் வருஷக்கணக்கில் உறங்கும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு 2009 ஆகஸ்டில் துவங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. டில்லியில் தலைமை அமர்வும், சென்னை, கொச்சி, லக்னோ, சண்டிகர் முதலிய நகரங்களில் கிளை அமர்வுகளும் கொண்ட அத்தீர்ப்பாயத்தின் ஒவ்வோர் அமர்விலும், உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த ஒருவரும், படையில் உயர் தளபதியாயிருந்த ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்கிறார்கள். சட்டம் அறிந்தவருக்குப் பனிமலைக் காவற்சாவடியின் இரவு தெரியாது. அது தெரிந்தவருக்கு நிரூபண விதி தெரியாது. இருவரையும் ஒரே மேடையில் அமர்த்திய யோசனை மெச்சத்தக்கது.

ஆயினும் இவ்விஷயத்தின் உண்மையான திருப்புமுனை 2013 ஜூலை 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் கூறிய தீர்ப்பே. 1985இல் சிக்னல் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்து, சுமார் ஒன்பது வருஷம் சேவை செய்தபின், வலிப்பு நோயினால் 20 சதவீத நிரந்தர ஊனம் என்று 1994இல் நீக்கப்பட்ட ஒருவரின் வழக்கு அது. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவருக்குப் பென்ஷன் கொடுக்கச் சொன்னார். இரு நீதிபதிகளின் அமர்வு அதை மாற்றியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பட்நாயக்கும் முகோபாத்யாயாவும் செய்த காரியம் மிக எளியது. மருத்துவக் குழுவின் படிவத்தை எடுத்து, வரி வரியாக, அது கேட்ட கேள்வியையும் அதற்கு எழுதப்பட்ட விடையையும் படித்தார்கள். இந்த ஊனம் சேவையில் புகுமுன் இருந்ததா என்ற கேள்விக்கு, இல்லை என்ற விடை. சேவையினால் விளைந்ததா, இல்லை, அதிகப்பட்டதா, இல்லை, சம்பந்தமற்றதா, ஆம். அப்படிச் சம்பந்தமற்றதானால் அதற்குச் சரியான காரணம் என்னவென்று குழு கருதுகிறது என்று படிவமே மேலும் கேட்கிறது. அந்த இடத்தில் எழுதப்பட்டிருந்தது: ஊனம் ராணுவ சேவையோடு சம்பந்தமுடையதல்ல.

ஏன் சம்பந்தமில்லை என்று கேட்டால், சம்பந்தமில்லாததனால் சம்பந்தமில்லை. தர்க்கசாஸ்திரம் படித்தவர்கள் சாத்தியத்தையே ஹேதுவாகக் கூறும் குற்றம் என்று இதற்குப் பெயர் வைப்பார்கள். நம் பாட்டிமார் இதையே 'சுத்திச் சுத்தி சுப்பன் கொல்லை' என்று முடித்துவிடுவார்கள். உச்ச நீதிமன்றம் இன்னும் மரியாதையான வார்த்தைகளில் கூறியது. காரணம் எழுதப்படவில்லை, சேர்க்கையின்போது நோய்க் குறிப்பு எதுவும் இல்லை, ஆகவே விதியின் அனுமானம் வீரனுக்குச் சாதகமாக நிற்கிறது, அதைக் குலைக்கும் பாரம் சர்க்காருடையது, சர்க்கார் அதைக் குலைக்கவில்லை.

இந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் தன்னை வைத்தியனாக்கிக் கொள்ளவில்லை என்பதை நான் அழுத்திக் கூற விரும்புகிறேன். வலிப்பு பனியினால் வருமா, தலையில் பட்ட அடியினால் வருமா, பரம்பரையாக வருமா என்பதைப் பற்றி நீதிபதிகள் எந்த அபிப்பிராயமும் சொல்லவில்லை. நிபுணனே, உன் நிபுணத்துவத்தை ஒரு வரியில் எழுதிக் காட்டு என்று மட்டுமே கேட்டார்கள். சர்க்காரின் முடிவை நீதிமன்றம் பரிசீலிப்பது என்றால் அதன் எல்லை பெரும்பாலும் இவ்வளவுதான். இவ்வளவும் போதுமானதே என்பது என் துணிபு. ஏனெனில் இதன் அடியில் சட்டத்தைவிடப் பழைய ஒரு நியாயம் இருக்கிறது. ஆள் சேர்ப்பு முகாமில் பையனை ஓடவிட்டு, மார்பை அளந்து, கண்ணையும் காதையும் பல்லையும் தட்டையான பாதத்தையும் பார்த்து, சிறு குறை கண்டாலும் வெளியே தள்ளி, மிஞ்சியவனைப் பூரண ஆரோக்கியமுள்ளவன் என்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்வது சர்க்கார். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியும் பார்த்து ஓட்டிக்கொண்டு போய், பத்து வருஷம் உழுதுவிட்டு, இது வாங்கும்போதே நோஞ்சான் என்று சொன்னால் சந்தையில் யாரும் ஒப்பமாட்டார்கள்.

2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வாயிலையும் திறந்தது. படையில் வைத்திருக்க முடியாத அளவுக்கு ஊனப்பட்டவன் என்று ஒருவனை நீக்கிவிட்டு, அதே மூச்சில் அவன் ஊனம் 20 சதவீதத்துக்குக் குறைவு, ஆகையால் பென்ஷன் இல்லை என்பது பொருந்தாது. நீக்கப்பட்டதே 20க்கு மேல் என்பதற்கு அத்தாட்சி. அவ்வருஷ டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, அதாவது 50க்குக் குறைந்ததை 50 ஆகவும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் கொள்ளும் ஏற்பாடு, நோயினால் நீக்கப்பட்டவர்களுக்கு மட்டுமன்றி, ஊனத்தோடு முழுக்காலம் சேவை செய்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றாயிற்று. 2015 பிப்ரவரியில் நீதிபதிகள் தாக்கூரும் பானுமதியும் ராஜ்பீர் சிங் வழக்கில், சர்க்கார் கொண்டுவந்த பல அப்பீல்களை ஒருசேர எடுத்து, 2013இன் கொள்கையை மீண்டும் நிலைநாட்டினார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இது வக்கீலின் வாதமாகிவிடும். 2009இல் தாமோதரன் வழக்கில் உச்ச நீதிமன்றமே, மருத்துவக் குழு நிபுணர்களின் சபை, அதன் கருத்துக்கு முதன்மை தரவேண்டும் என்று கூறியிருந்தது. 2019இல் நரசிங் யாதவ் வழக்கில், சில மனநோய்கள் சேர்க்கைப் பரிசோதனையில் புலப்படவே மாட்டா, பின்னரே தலைகாட்டும், ஆகவே சேர்க்கையில் குறிப்பு இல்லை என்ற ஒன்றைக் கொண்டே அது சேவையினால் வந்தது என்று முடிவு கட்டலாகாது என்று கூறிப் பென்ஷனை மறுத்தது. இவ்விரண்டும் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்போடு மோதுவனபோல் தோன்றினாலும், விதியைப் படித்தால் மோதல் அத்தனை பெரிதல்ல என்பது விளங்கும். கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்பதை 14ஆம் விதியே விலக்காக வைத்திருக்கிறது. ஆனால் அதைக் காரணத்தோடு எழுதச் சொல்கிறது. எழுதியிருந்தால் மதிக்கவேண்டும், எழுதாவிட்டால் மதிக்க எதுவுமில்லை. ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துகிறது. மனநோயை முன்கூட்டிக் காண முடியாது என்பது உண்மையானால், சேவையின் தனிமையும் அச்சமும் உறக்கமின்மையும் அதைக் கிளப்பவில்லை என்பதையும் அவ்வளவு நிச்சயமாகக் காண முடியாதல்லவா? சந்தேகத்தின் பலன் யாருக்கு என்று விதி சொல்லியாயிற்று.

இவ்விடத்தில் அமெரிக்காவை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நம்மைப் பற்றி நாமே அதிகமாய்க் குறைப்பட்டுக் கொள்ளாமலிருக்க உதவும். செல்வத்தில் குறைவற்ற அத்தேசத்தில், முன்னாள் படைவீரனின் பென்ஷன் மறுப்பை எதிர்த்து நியாயஸ்தலத்துக்குப் போகும் பொதுவான வழியே 1988 வரை அடைக்கப்பட்டிருந்தது. அவனுக்காக வாதாடும் வக்கீல் வாங்கக்கூடிய கூலிக்கு, உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1864இல் விதிக்கப்பட்ட 10 டாலர் வரம்பு அதுவரை நூற்றிருபது வருஷத்துக்கு மேலாக அப்படியே இருந்தது.

நம் நாட்டிலோ கதவு திறந்திருந்தது; ஆனால் அதன் வழியே சிப்பாயைத் துரத்திக்கொண்டு சர்க்காரும் வந்தது. தீர்ப்பாயத்தில் தோற்ற அமைச்சகம், சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாய் மாதப் பென்ஷனுக்காக, காலை இழந்தவனையும் கண்ணை இழந்தவனையும் எதிர்த்து டில்லிக்கு அப்பீல் போவது வாடிக்கையாகிவிட்டது. இவ்வழக்கத்தைக் குறைக்க வழி கூறும்படி பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர் 2015இல் நியமித்த நிபுணர் குழு, அவ்வருஷ நவம்பரில் அளித்த அறிக்கையில், ஊன பென்ஷன் விஷயத்தில் முடிந்துபோன சட்டப் பிரச்னைகளின் மேல் போட்ட அப்பீல்களை வாபஸ் வாங்கச் சொன்னது. இப்படி அப்பீல் போவதற்குச் சர்க்காரின் சார்பில் ஒரு சமாதானம் உண்டு. ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் எல்லோருக்கும் வருகின்றன. ஓய்வுபெறும் தறுவாயில் உயர் அதிகாரிகள் இவற்றைச் சொல்லிப் பென்ஷனைக் கூட்டிக்கொள்கிறார்கள். இதனால் உண்மையாகவே அடிபட்டவனின் கௌரவம் குறைகிறது என்பார்கள். அதில் சத்தியம் இல்லாமலில்லை. ஆனால் கர்னலின் சர்க்கரைக்காகச் சிப்பாயின் வலிப்பைத் தண்டிப்பது எந்த நீதியில் சேரும்?

வழக்கு நடத்துவோரின் சிரமம் இத்தோடு முடியவில்லை. தீர்ப்பாயத்தில் தோற்றவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்பதே ஒரு புதிராக இருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் போகலாகாது என்றது. பொதுமுக்கியத்துவமுள்ள சட்டப் பிரச்னை இருந்தாலன்றி உச்ச நீதிமன்றமும் கேட்காதாகையால், தோற்ற சிப்பாய்க்குத் தீர்ப்பாயமே முதலும் முடிவுமாயிற்று. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உயர் நீதிமன்றங்களின் ரிட் அதிகாரம் குறையவில்லை என்று அறிவிக்கப்பட்டது. திறந்த கதவு இரு தரப்புக்கும் பொது என்பதால், சர்க்காரும் தன் மனுக்களை அங்கே குவித்தது. அதே வருஷம் செப்டம்பர் 21 முதல் புதிய உரிமை விதிகளையும் சர்க்கார் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து வெளியேறுகிறவர்களின் கோரிக்கையைப் பழைய விதிகளின் தாராளத்தோடு ஒப்பிட முடியாது என்பது படைவீரர் சங்கங்களின் புகார். நீதிமன்றம் அளந்து அளந்து சேர்த்ததை ஒரு கெஜட்டில் குறைக்க முடியும் என்பது நம் அரசமைப்பின் விசித்திரங்களில் ஒன்று.

பழைய விதிகளுக்குட்பட்டவர்களின் வழக்குகளிலோ நியாயம் இன்னும் அதே திசையில்தான் நடக்கிறது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம், 'பீஸ் ஸ்டேஷன்' என்று பட்டாளத்தார் சொல்லும் அமைதிப் பகுதியில் இருந்தபோது நோய் வந்தது என்பதே பென்ஷனை மறுக்கப் போதிய காரணமல்ல, நோயின் மூலம் வேறு எதுவென்று குழு காட்டவேண்டும் என்றது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம், சியாச்சின் பனியாற்றில் காவல் நின்று வலிப்புக் கண்டு, ஊனம் 20க்குக் குறைவு என்று 1989இல் அனுப்பப்பட்ட ஒரு சிப்பாய்க்கு, 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பின்பற்றிப் பென்ஷன் வழங்கியது. இடையில் கழிந்தவை முப்பத்தாறு வருஷங்கள்.

திண்ணையில் நான் கண்ட முதியவரும் காலம் போய்விட்டதென்றே நினைத்திருந்தார். அவர் ஊரில் அப்படி நினைப்பவர் அவர் ஒருவரல்ல. இது பிழையான எண்ணம். 2008 ஆகஸ்டில் தர்சேம் சிங் வழக்கில், 1983இல் நீக்கப்பட்டுப் பதினாறு ஆண்டு கழித்து நீதிமன்றம் வந்தவர் விஷயத்தில், பென்ஷன் மறுப்பு என்பது மாதந்தோறும் புதிதாக நிகழும் தவறு, ஆகவே தாமதத்தினால் உரிமை அற்றுப்போவதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் பாக்கித் தொகை மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டுமே கிடைக்கும். ஆகவே உங்கள் தெருவில் போர்டு அவுட் ஆகி வந்து, கையில் காசின்றி உட்கார்ந்திருக்கும் பட்டாளத்துக்காரர் எவரேனும் இருந்தால், மருத்துவக் குழுப் படிவத்தின் நகலை ரெகார்ட் ஆபீஸிலிருந்து எழுதிக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வந்ததும் மூன்றாவது கட்டத்துக்குக் கீழே காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையானால் அதை எடுத்துக்கொண்டு சென்னை அமர்வுக்குப் போகச் சொல்லுங்கள். அவர் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதப் பாக்கி அவருக்கு இல்லாமல் போகிறது.